வாசமே இல்லாத வீடு

தீயணைப்பு வண்டி திரும்பிப் போன பிறகுதான் எங்கள் வேலை தொடங்கும். தீ கொஞ்சம் எரித்து, புகை நிறையக் கெடுத்து வைத்த வீடுகளையும் கடைகளையும் கரி எடுத்து, வாடை நீக்கி, பழையபடி ஆக்கித் தருவோம். கோவையில் இப்படி ஒரு தொழில் இருப்பது பலருக்குத் தெரியாது. பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாவுக்கும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் படிப்பை முழுசாக முடித்த முதல் ஆள் நான். வேலை கிடைத்த அன்று போனில் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

“கரி தொடைக்கறதுக்கு எதுக்குடா டிப்ளமா? உங்கம்மா தெனமும் சட்டியில தொடைச்சுட்டுத்தான இருக்கறா?”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது: “நம்மூட்டுச் சட்டியவும் ஒருக்கா வந்து பாத்துட்டுப் போகச் சொல்லுங்க.”

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் துடியலூர் வீட்டைப் பற்றித்தான் முதலில் சொல்வேன்.

1. ஓஸ் பைப்பு உறவினர்கள்

வீட்டுக்காரர் தங்கராசு அண்ணன். பம்புசெட் உதிரி பாகம் வியாபாரம். சமையலறைக்குப் பின்னால் இருந்த வாஷிங் மெஷின் ஷார்ட் சர்க்யூட்டில் எரிந்துவிட்டது. தீ அந்தச் சின்ன அறையைத் தாண்டவில்லை. புகை மட்டும் கீழ்த்தளம் முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தது.

நானும் என் மேலதிகாரி ஸ்டீபன் சாரும் போய்ச் சேர்ந்தபோது ஹால் சுவர் முழுக்கக் கறுப்புக் கோடு கோடாக வழிந்திருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் பாசமாக வந்து, சோப்புப் பவுடர் கரைத்து, ஓஸ் பைப்பில் பீய்ச்சி அடித்திருந்தார்கள். பிளாஸ்டிக் எரிந்த கரி எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். முதலில் டிரை ஸ்பாஞ்சால் ஈரம் படாமல் ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் பட்டால் சுவருக்குள் இறங்கிவிடும்.

“யாருங்க தண்ணி அடிச்சது?” என்று ஸ்டீபன் சார் கேட்டார்.

“என்ற மச்சானுங். ஆர்வமான ஆளு” என்றார் அண்ணன்.

“அவரை இனிமே கேட்டுக்கு அக்கட்டையே நிறுத்திப்போடுங்க.”

அண்ணன் எங்களை ஓரமாகக் கூட்டிப் போனார். “ஏனுங் சார், என்ற புள்ள நிவேதாவுக்கு அவிநாசியில எடம் பேசியிருக்கறமுங். வர்ற மாசம் ஊடு பாத்து, பேச்சு முடிக்க வாராங்க. தீப்புடிச்ச ஊடுன்னு தெரிஞ்சா சகுனம் செரியில்லைன்னு கெளம்பிப் போயிருவாங்க. வெள்ளையடிக்கறோம்னு சொல்லி வெச்சிருக்கறேன். மாப்பளையோட அம்மாவுக்கு மூக்கு வேற பொல்லாத மூக்குங்.”

நிவேதா கதவருகே நின்றிருந்தார். “அப்பா, இருக்கறத இருக்கற மாதிரியே சொல்லிப்போடலாம்ப்பா.”

“நீ சும்மா இரு கண்ணு.”

ஆக, எங்களுக்கு வந்தது சாதாரண வேலை அல்ல. ஒரு கல்யாணம் எங்கள் ஸ்பாஞ்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

2. மூக்கு டெஸ்ட்

ஸ்பாஞ்ச் போட்டோம், பிசுக்கு எடுக்கும் டீகிரீசர் போட்டோம், ஏசியைக் கழற்றிக் கழுவினோம். வாடையை உள்ளேயே பூட்டும் பிரைமர் அடித்து, மேலே பெயிண்ட் அடித்தோம். குடும்பத்தைப் பக்கத்து வீட்டு மாடிக்கு அனுப்பிவிட்டு, தினமும் பகலில் வாடையை முறிக்கும் ஓசோன் மெஷினை ஓட்டினோம். சாயங்காலம் காற்றோட்டமாகத் திறந்து வைத்து ஆற விடுவோம். மறுநாள் காலையில், டீ கூடக் குடிக்காமல், முதல் ஆளாக உள்ளே போய் மோந்து பார்க்க வேண்டும். மூக்கு டெஸ்ட் என்போம். அது என் பொறுப்பு.

சில நாள் வீடு சுத்தமாக இருக்கும். சில நாள் புகை வாடை லேசாகத் திரும்பி வந்திருக்கும். சோபாவைக் கிழித்துப் பார்த்தேன். சுவிட்ச் பாக்ஸுக்குள் மூக்கை விட்டேன். ஸ்டீபன் சார் என்னையே மோந்து பார்த்தார்.

“நீ பீடி குடிக்கறயா?”

“இல்லீங் சார்.”

“குடிச்சாலும் பரவால்ல, சொல்லிரு. எனக்கு நிம்மதியாப் போயிரும்.”

அப்புறம்தான் கிழமை எனக்கு உறைத்தது. புதனும் சனியும்தான் வாடை. அப்படியென்றால் செவ்வாய் சாயங்காலமும் வெள்ளிச் சாயங்காலமும் ஏதோ நடக்கிறது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்தும் கிளம்பாமல் வேனுக்குள் உட்கார்ந்திருந்தேன். அண்ணனின் மனைவி சரசக்கா தூபக்காலோடு வீட்டுக்குள் போனார்; பின்னாலேயே போனேன். சாமி ரூமில் ஆரம்பித்து, மூலை முடுக்கெல்லாம் புகை காட்டிக்கொண்டே போனார்.

“அக்கா! என்னங்க பண்றீங்க?”

“சாம்பிராணி தம்பி. நீங்க பாவம், பகலெல்லாம் மிசினை வெச்சு வாடையைத் தொரத்தறீங்க. நானும் என்னால ஆனதச் செய்யறேன்.”

நாங்கள் பகலில் எடுத்த புகையை அக்கா சாயங்காலம் திரும்பப் போட்டிருக்கிறார். சாம்பிராணி, கற்பூரம், ஊதுவத்தி எல்லாவற்றையும் அக்காவிடமிருந்து வாங்கி வேனில் வைத்துப் பூட்டினேன். வேலையின் கடைசிக் கட்டமாக ஹால் கூரையில் ஸ்மோக் அலாரம் ஒன்றையும் மாட்டினேன். அண்ணனுக்கு நல்லது என்றுதான் நினைத்தேன்.

3. கை நனைக்கும் நாள்

அவிநாசிக்காரர்கள் வந்த அன்று என்னையும் இருக்கச் சொன்னார்கள். “திடீருன்னு வாடை வந்துச்சுன்னா யாரு பாக்கறது?” என்றார் அண்ணன். தூரத்துச் சொந்தம் என்று சொல்லி என் கையில் தண்ணீர்த் தட்டைக் கொடுத்தார். சமையலை என் உத்தரவுப்படி பின்பக்கத் தென்னை மரத்தடிக்கு மாற்றியிருந்தோம். பேச்சு முடிந்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் கை நனைப்பார்கள். சாப்பிடாமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்று மூச்சை இழுத்தார். ஹாலுக்கு வந்து இழுத்தார். சாமி ரூமில் தலையை நீட்டி இழுத்தார். நான் தண்ணீர்த் தட்டோடு பின்னாலேயே போனேன்.

“ஏனுங், இந்த ஊட்டுல ஆளுக குடியிருக்கறீங்ளா?”

“இருக்கறமுங். ஏனுங் கேக்கறீங்க?”

“ஒரு வாசத்தையுங் காணமே! தாளிச்ச வாசமில்ல, வத்தி வாசமில்ல. சாமி ரூமு ஆஸ்பத்திரியாட்ட இருக்குது. சாமி கும்படறதில்லீங்ளா?”

சரசக்கா என்னைப் பார்த்த பார்வையில் எரிந்த வாஷிங் மெஷினே மறுபடி பற்றிக்கொண்டிருக்கும். “தம்பி, என்ற சாம்பிராணி எங்க?” என்று பல்லைக் கடித்தார். வேனுக்கு ஓடினேன். தென்னை மரத்தடி அடுப்பிலிருந்து தூபக்காலில் தணலை அள்ளினேன். அவசரத்தில் சாம்பிராணி டப்பாவை அப்படியே அதன்மேல் கவிழ்த்துவிட்டேன். ஹாலுக்குள் நான் நுழைந்தபோது புகையில் எனக்கே நான் தெரியவில்லை.

அலாரம் அலறியது. நான் மாட்டியதாயிற்றே, சும்மா இருக்குமா? எல்லோரும் எழுந்து ஓடினார்கள். தங்கராசு அண்ணன் தலையில் கை வைத்துக் கத்தினார்:

“அய்யோ, மறுக்காவுமா!”

ஸ்டூலில் ஏறி அலாரத்தை நிறுத்தினேன். ஓடியவர்கள் வாசலோடு திரும்பி வந்தார்கள்.

“மறுக்காவுமான்னா? அப்ப மொதல்ல எப்பங்க?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

இதற்கு மேல் மறைக்க அண்ணனிடம் ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு மகளைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மா முந்தானையால் புகையை விசிறிக்கொண்டார். “வாசிங் மெசினுதானுங்? எங்க கொளுந்தனார் பையன் இந்த வளியாப் போனவன், தீயணைப்பு வண்டி நின்னத அன்னிக்கே வாட்ஸாப்புல அனுப்பிப்போட்டான். எப்பத்தான் வாயத் தொறப்பீங்கன்னு நானும் மோந்து மோந்து பாக்கறேன், மூக்கு வலிக்குதுங். ஊடு எரியறது ஒரு குத்தமுங்ளா? எங்க கோளிச் செட்டே ஒருக்கா எரிஞ்சுதுங்.”

“நான் அன்னிக்கே சொல்லிப்போடலாம்னு சொன்னனுங் அத்தை” என்றார் நிவேதா.

அத்தை என்ற சொல்லுக்கு அந்த அம்மா சிரித்துவிட்டார். “உங்கூட்ல விவரமான ஆளு நீதாஞ் சாமி. செரி, எலையப் போடுங்க. பசிக்குது.”

எல்லாரும் கை நனைத்தார்கள். எனக்கும் ஒரு இலை போட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் புதுப் பெயிண்டில் சாம்பிராணிக் கரி வட்டமாகப் படிந்திருந்தது. சாப்பிட்டு முடித்து, ஸ்பாஞ்சோடு ஸ்டூலில் ஏறினேன்.

“ஓஸ் பைப்பு எடுத்தாரட்டுங்களா தம்பி?” என்று வாசல் கேட்டுக்கு வெளியே இருந்து மச்சான் குரல் கொடுத்தார்.

“வேண்டாம்!” என்று வீடே கத்தியது.

அன்றிலிருந்து மூக்கு டெஸ்டில் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். புகை வாடை போய்விட்டதா? ஆள் குடியிருக்கும் வாசம் மிச்சம் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் சாவியைத் திருப்பிக் கொடுப்பேன். சாம்பிராணியையும் சேர்த்துத்தான்.