“நிக்குமுங்க” என்றவர்

கோவைக்கும் திருப்பூருக்கும் நடுவே எங்கள் ஊர் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர் ஒரு நிமிடம்தான் நிற்கும். அங்கே இருந்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டையின் காலர் எப்போதும் கசங்கியிருக்கும். சோளக்காட்டு வழியாக யாராவது ஓடிவருவது தெரிந்தால், அவர்கள் ஏறும்வரை பச்சைக்கொடி காட்டமாட்டார். எனக்காகவே எத்தனையோ நாள் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார்.

தொண்ணூறுகளின் நடுவில், வண்டி இனி எங்கள் ஊரில் நிற்காது என்று பேச்சு கிளம்பியது. நான் கோவையில் ஒரு மில் ஆபீசில் டைப்பிஸ்ட். டவுனில் பெண்கள் விடுதியில் ஓர் இடம் காலியாக இருந்தது. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை அவரிடமே கேட்டேன்.

“ஏனுங்க சார், வண்டி இனி நிக்காதுங்களா?”

“யாரு சொன்னாங்க அம்மணி? அதெல்லாம் நிக்குமுங்க. தைரியமா இருங்க.”

விடுதி இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமை, வண்டி வேகம் குறையாமல் எங்களைக் கடந்து போனது. ஸ்டேஷன் அறைக்கு ஓடினேன். புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“இன்னையிலிருந்து நிக்காதுன்னு ஆர்டர் வந்து ஒரு மாசம் ஆச்சுங்களே. அவரும் நேத்தே மாத்தலாகிப் போயிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?”

இரண்டு பஸ் மாறிப் போனதில் தினமும் தாமதம். மூன்றாம் மாதம் வேலை போயிற்று.

எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனம் வந்திருக்காது என்பாள் அம்மா. இருக்கலாம். ஆனால் அன்று அவர் என் முகத்தைப் பார்த்து, சிரித்துக்கொண்டே அல்லவா பொய் சொன்னார்?