காய்ச்சினாலும் போகாத நைட்ரேட்

தண்ணி ஃபில்டர் மாட்டுற வேலையில கலங்கல் தண்ணி நமக்குச் சாமி; பளிச்சுனு இருக்கிற தண்ணியிலதான் மானம் போகும். கண்ணுக்கும் தெரியாம நாக்குக்கும் தெரியாம ஒண்ணு உள்ள இருக்குன்னா எவன் நம்புவான்? இதே பொழப்புல இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவா வேணும்!

ஓங்

புந்தோங்குல இருக்கிற எங்க ஃபில்டர் கடையிலிருந்து மோட்டார் சைக்கிள்ல ஒரு மணி நேரம். முன்னால ரப்பர் தோட்டம், இப்ப சுத்தியும் செம்பனை. அங்க பைப்புத் தண்ணி வராத லயத்து வரிசை வீடுகள்ல ஒண்ணு சன்னாசி அண்ணே வீடு. அவரு மக தேவி பிரசவத்துக்கு வந்திருந்தா. பிள்ளைக்கு ஒரு மாசம், போத்தல் பால்தான். பால் மாவு கரைக்கிறது கெணத்துத் தண்ணியில. தேவிக்குச் சந்தேகம் வந்து என்னைக் கூப்பிட்டா.

சோதனைத் தாளை முக்கி எடுத்தேன். நல்ல தண்ணின்னா தாள் வெள்ளையாவே இருக்கணும். இது செக்கச் செவேல்னு ஆயிடுச்சு. கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணி ஆகவே ஆகாது, உடம்பு நீலம் பாரிச்சிடும். அண்ணே எட்டிப் பார்த்தாரு, மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "செவப்பா வந்திருக்கு, நல்ல ஓங் லா தங்கச்சி! இன்னைக்கே லாட்டரி நம்பர் எடுக்கிறேன்!"

மோட்டார்

ஓங்கும் இல்ல அதிர்ஷ்டமும் இல்லண்ணே, இது நைட்ரேட், அளவுக்கு மேல இருக்குன்னேன். அவருக்கு வந்ததே கோபம். அந்தக் கெணத்தப் பத்தி யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "நைட் ரேட்டா? ராத்திரியில நாங்க மோட்டாரே போடுறதில்லயே லா!"

உரம்

சரி, புரியிற மாதிரி சொல்லுவோம்னு, செம்பனைக்குப் போடுற உரம் மழையில இறங்கிக் கெணத்துக்கு வருதுன்னேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. மனுசன் இருபது வருசம் உரம் போட்டவரு. "உரம் போட்டா மரமே கொழுகொழுன்னு வளருது, என் பேத்தி வளரமாட்டாளா?"

பேச்சக் கேட்டு அடுப்படியிலிருந்து வந்தாங்க பாக்கியம் அக்கா, அண்ணே சம்சாரம். அரை மணி நேரம் கொதிக்க விட்டுத்தான் குடுக்கிறோம், கிருமி எப்படி இருக்கும்னு என்னையே மடக்குனாங்க. அக்கா, இது கிருமி இல்ல. ரசம் வத்த வத்த உப்பு கரிக்குமே, அதே கதைதான்னேன். அவங்க காய்ச்சுன தண்ணியில இன்னொரு தாளை முக்கிக் காட்டினேன். முதல் தாளைவிட அடர்த்தியான செவப்பு. அக்கா அப்படியே உக்காந்துட்டாங்க. "அப்ப ஒரு மாசமா என் கையாலயே பேத்திக்கு உரத்தையா சுண்டக் காய்ச்சிக் குடுத்தேன்?"

அண்ணே உடனே காடி எடுத்து பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டு போனாரு. நல்ல காலம், பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. அன்னையிலிருந்து பாலுக்குக் கடையில வாங்குற மினரல் தண்ணி.

கேத்தல்

கரி ஃபில்டர் மாட்டி ஒப்பேத்திட்டு வான்னாரு எங்க மொதலாளி. கரிக்கு நைட்ரேட் பிடிபடாது. நீங்களே வந்து மாட்டி, அந்தத் தண்ணியில உங்க பேரனுக்குப் பால் கரைங்கன்னு கத்தினேன். மறுநாளே ஆர்.ஓ. ஃபில்டர் வந்தது. மாட்டி, தாளை முக்கினேன். வெள்ளை! பேப்பர் வெள்ளை! நானும் தேவியும் கையப் புடிச்சிக்கிட்டுக் குதிச்சோம். அக்கா என் கன்னத்தக் கிள்ளிட்டாங்க.

மூணு மாசம் கழிச்சு சர்வீசுக்குப் போனேன். தேவி உள்ள துணி மடிக்கிறா, பிள்ளை பசியில அலறுது. அடுப்புல கேத்தல்ல வெந்நி இருந்துச்சு. ஃபில்டர் தண்ணிதான்னு நெனச்சு, நாமளே பால் கரைப்போம்னு போத்தலயும் கேத்தலயும் எடுத்தேன். வாசல்ல இருந்த அண்ணே பாய்ஞ்சு வந்து போத்தலப் புடுங்கினாரு. "ஏய், அது பாத்திரம் கழுவ வச்ச கெணத்துத் தண்ணி லா! எவ்வளவு காய்ச்சினாலும் நைட்ரேட் போகாது, ஒனக்கெல்லாம் யாரு லா வேலை குடுத்தா?"

இந்தத் தொழில்ல நாம ஜெயிச்சிட்டோம்னு உறுதியாத் தெரியணும்னா, நாம சொன்னதையே ஒருத்தரு நமக்குத் திருப்பிச் சொல்லி, நம்ம கழுத்தப் புடிச்சு அடுப்படியை விட்டு வெளிய தள்ளணும்.