சிக்னல் ஃபுல்லாத்தான் இருக்கு

புதுக் கணினி வீட்டுக்கு வந்த அன்று நான் சமைக்கவில்லை. கடை ரொட்டியும் சம்பலும் வாங்கி வரச் சொல்லிவிட்டு, பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பழைய மடிக்கணினி மார்கழி முழுக்கத் தானாக அணைவதும் எழும்புவதுமாக என்னைப் படுத்திவிட்டு, தைப்பொங்கலுக்கு முந்தைய நாள் ஒரேயடியாக அடங்கிவிட்டது. அதனால் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் சொல்லி, இதைப் பாகம் பாகமாகப் புதிதாகப் பூட்டி எடுத்தோம்.

எனக்கு வேலை வீட்டில்தான். கொழும்பில் இருக்கும் ஒரு நிறுவனம் காலையில் சிங்கள நிகழ்ச்சிகளின் வீடியோவை அனுப்பும். அதை இறக்கி எடுத்து, திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை எழுதி, பொழுது சாய்வதற்குள் திருப்பி அனுப்ப வேண்டும். நான் அனுப்புவது சின்னக் கோப்பு; எப்படியும் போய்விடும். வருகிற வீடியோதான் மலை மாதிரி.

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து இத்தனை காலம் ஓட்டினேன். புதியதற்குத் தனி மேசை வேண்டும். முன்னறையில் டிவியை நகர்த்த என் கணவர் சம்மதிக்கவில்லை. ஆகவே பின்னறையில், பக்கத்து வீட்டோடு ஒட்டிய சுவரோரம் இடம் பிடித்தேன். டிக்கோயாவில் எங்கள் வீடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் இரண்டில் ஒன்று. மற்றதில் ஒரு டீச்சர் தனியாக இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், ஹட்டனில் படிப்பிக்கிறார். மகள் கனடாவில். பின்னேரம் மகளோடு அவர் பேசுவது சுவர் வழியாகக் கேட்கும். என்ன பேசுகிறார் என்று கேட்காது, பேசுகிறார் என்பது மட்டும் கேட்கும்.

கணினி வந்த இரவு முழுக்க அது ஏதேதோ அப்டேட் இறக்கியது. மறுநாள் காலை வீடியோவை இறக்கப் போட்டேன். பச்சைக் கோடு கொஞ்சம் நகர்ந்தது. தேநீர் ஊற்றி வந்தேன், அதே இடம். துணி அலசிப் போட்டுவிட்டு வந்தேன், கடுகளவு நகர்ந்திருந்தது. கையில் இருந்த ஃபோனில் அதே வைஃபையில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். தடங்கலே இல்லாமல் ஓடியது.

என் கணவர் தோட்டத்து ஆபிஸில் கிளாக்கர். அங்கே பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் மின்சாரத்தில் ஓடும் எதைப் பற்றியும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும்.

"புதுசுல அப்படித்தான் இருக்கும். வண்டி மாதிரி. கொஞ்சம் ஓடுனாத்தான் சரியா வரும்" என்றார்.

"இது வண்டி இல்லைங்க."

"அப்படின்னா சிவனொளிபாத மலை சீசன். நல்லதண்ணிக்குப் போற பஸ்ஸு பூரா ஜனம். எல்லார் கையிலயும் ஃபோன். டவர் என்னா பண்ணும்?"

"நமக்கு வர்றது வயர்லங்க. போஸ்ட்லேருந்து இழுத்திருக்காங்க."

"அந்த வயரும் எங்கயாவது போயி டவர்லதான சேரும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

இணைய நிறுவனத்துக்கு அழைத்தேன். தமிழுக்கான எண்ணை அழுத்தினால் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டே இருந்தது. சிங்களத்துக்கான எண்ணை அழுத்தியதும் ஒரு பெண் பிள்ளை உடனே எடுத்தாள். ரவுட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னாள். போட்டேன். அப்போதும் வேகம் வரவில்லை. மறுநாள் வேறொருவர் எடுத்தார். அவரும் அணைத்துப் போடச் சொன்னார். நேற்றே செய்தேன் என்றேன். இன்றைக்கும் செய்யுங்கள் என்றார்.

கடைசியில் ஒரு டெக்னீஷியனை அனுப்பினார்கள். மழைக் கோட்டில் தண்ணீர் சொட்டச் சொட்ட முன்னறையில் நின்று, தன் ஃபோனில் வேகத்தைச் சோதித்தார். முகம் மலர்ந்தது. "லைன் எக ஹொந்தயி மிஸ்" என்று எனக்குக் காட்டினார். லைன் நன்றாகத்தான் இருந்தது, நானே பார்த்தேன். பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கணினியைக் காட்டினேன். திரையின் மூலையில் எங்கள் வைஃபையின் பெயரைப் பார்த்தார், சிக்னல் கோடுகளைப் பார்த்தார். எல்லாம் நிறைந்திருந்தன. சிக்னல் இவ்வளவு நன்றாக இருக்கும்போது பிழை மெஷினில்தான், வாங்கிய கடையில் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்குக் கொண்டு போனேன். ஓட்டோவில் கணினிப் பெட்டியை மடியில் வைத்து, நனையாமல் துவாயால் போர்த்திக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு அது என் நெஞ்சில் வந்து இடித்தது. கடைக்காரர் தன் வைஃபையில் இணைத்து ஒரு படத்தை இறக்கிக் காட்டினார். நான் கைக்குட்டையை எடுத்து முகம் துடைப்பதற்குள் வந்து விழுந்தது.

"இங்க நல்லா ஓடுதுங்களே. ஒங்க வீட்டு லைன்லதான் கோளாறு."

"லைன்காரங்க ஒங்க மெஷின்லங்கிறாங்க."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார். மறுபடி துவாயைப் போர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன்.

கணினியும் சரி, லைனும் சரி. இரண்டும் சேர்ந்தால் மட்டும் சரிவரவில்லை. சில கல்யாணங்களைப் பற்றி ஊரில் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கணினிக்கும் அப்படி வரும் என்று நான் நினைத்ததில்லை.

இதற்கிடையில் என் கணவர் ரவுட்டரை இடம் மாற்ற ஆரம்பித்தார். டிவி மேசையிலிருந்து ஜன்னலுக்கு, ஜன்னலிலிருந்து அலமாரி மேல், கடைசியில் சாமிப் படத் தட்டுக்கு. முருகனுக்கும் லட்சுமிக்கும் நடுவில் அது கண் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. விளக்கேற்றும்போது அதன் வயரை ஒரு கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. ரவுட்டரை விட்டுவிடுங்கள், மேசையையே முன்னறைக்கு மாற்றிவிடலாம் என்றேன். "எதுக்கு? அங்க சிக்னல் ஃபுல்லாத்தான இருக்கு" என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

பிறகு மாதம் பிறந்தது. அன்று காலை இறக்கப் போட்ட வீடியோ விறுவிறு என்று வந்துவிட்டது. அதற்கு அடுத்ததும் வந்தது. என் கணவர் சாமித் தட்டைப் பார்த்துத் தலையாட்டினார். "ஒசரத்துல வச்சதுதான் சரி. நான் மொதல்லயே சொன்னேன்ல." ஆபிஸிலும் சொல்லியிருக்கிறார். சில நாட்கள் சந்தோஷமாக வேலை செய்தேன். கணினியும் தன் பங்குக்கு, மறுபடி ஏதேதோ அப்டேட் என்று சொல்லி மணிக்கணக்கில் இறக்கிக்கொண்டது. அப்புறம் ஒரு காலை, பச்சைக் கோடு பழையபடி படுத்துவிட்டது.

அந்த வாரம் டீச்சர் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, உங்கட வீட்டில இன்ரநெற் ஒழுங்கா வருதோ? எனக்கு டேட்டா முடிஞ்சுதாம். போன மாசக் கடைசியிலயும் இப்பிடித்தான். இந்த முறை மாசம் தொடங்கி ஒரு கிழமைகூட ஆகேல்லை. மகளின்ர முகம் அப்பிடியே உறைஞ்சு நிக்குது, குரலும் வெட்டி வெட்டி வருது."

"எனக்கும் அதே தலைவலிதான் டீச்சர்" என்றேன்.

உள்ளேயிருந்து என் கணவர் வந்தார். "டீச்சர், நீங்க வீடியோ கூடப் பாக்குறீங்க போல. ஃபோன்ல தானா ஓடுற வீடியோ இருக்கு பாருங்க, அதுதான் டேட்டாவ இழுக்கும்" என்று விளக்கி, எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். டீச்சர் பொறுமையாகக் கேட்டார். "நான் அதுகள் பாக்கிறேல்லைத் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கொழும்பில் என் வேலையை வாங்கிச் சரிபார்க்கும் பெண் என்னைவிட இளையவள். ஆரம்பத்தில் "பரவாயில்லக்கா" என்றாள். பிறகு "இன்னும் இறங்கலையாக்கா?" என்று கேட்டாள். பிறகு ஒரு நாள் எதுவும் கேட்கவில்லை. ஒரு வருடமாக நான் எழுதிவந்த தொடர் நாடகத்தை வவுனியாவில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. தற்காலிகம்தான் என்று எழுதியிருந்தார்கள். அந்த நாடகத்தில் வரும் மாமியார் என்ன சொல்லப் போகிறாள் என்பது அவள் வாயைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். அவளுக்கு நான் கொடுத்திருந்த தமிழை இனி யாரோ மாற்றி எழுதுவார்கள். அதை நினைத்ததும் அழுகையாக வந்தது. அழுகையைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

மின்னஞ்சலைப் படித்த கையோடு எழுந்தேன். ரவுட்டரை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய், அந்த நிறுவனத்தின் மேசையில் வைத்து, உங்கள் லைன் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதென்று தீர்மானித்தேன். சாமித் தட்டிலிருந்து அதை இறக்கினேன். ப்ளக்கைப் பிடுங்கினேன். வயரைச் சுற்றி, மரக்கறி வாங்கும் பையில் போட்டேன். சேலையை மாற்றிக்கொண்டு, கணினியை அணைக்கப் பின்னறைக்குப் போனேன்.

பச்சைக் கோடு நகர்ந்தது.

கண் பிசகு என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்தேன். கீழே எண்கள் மாறிக்கொண்டிருந்தன. ஆமை வேகம்தான். ஆனால் இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் எங்கள் வைஃபையின் பெயர், நிறைந்த சிக்னல். அந்த வைஃபையைக் கொடுக்கும் ரவுட்டரோ பைக்குள், என் மடியில்.

ஃபோனிலிருந்து இணையம் எடுக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. பிறகு எனக்கு முன்னால் இருந்த சுவரைப் பார்த்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனேன். தூறிக்கொண்டிருந்தது. டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். அவர் வீட்டுப் பின் ஜன்னலின் கண்ணாடிக்கு உள்ளே, எங்களுடையதைப் போலவே ஒரு ரவுட்டர் இருந்தது. வீட்டில் ஆளே இல்லை. ஆனால் அதன் விளக்குகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தன.

இரண்டு வீட்டுக்கும் லைன் இழுத்தது ஒரே நாள். பொருத்த வந்தவர்கள் போன பிறகு, ரவுட்டரின் அடியில் எழுதியிருந்த பாஸ்வேர்ட் வாயில் நுழையவில்லை என்று டீச்சர் சொல்ல, என் கணவர்தான் போய் மாற்றிக் கொடுத்தார். ஜன்னலருகே நின்றபடியே அவருடைய ஆபிஸுக்கு அழைத்தேன்.

"டீச்சர் வீட்டு வைஃபைக்கு என்னா பேரு வச்சீங்க?"

"ஏன்? இப்ப என்னாத்துக்கு அது?"

"சொல்லுங்க."

"நம்ம பேருதான்னு நெனைக்கிறேன்."

"பாஸ்வேர்ட்?"

அந்தப் பக்கம் யாரோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "அன்னைக்கு நல்ல மழை. ரெண்டுக்கும் ஒண்ணாப் போட்டா ஞாபகம் வச்சுக்க லேசுன்னு போட்டேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, தாழ்ந்த குரலில், "அய்யோ" என்றார்.

பெயரும் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. கணினிக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? பக்கத்தில் இருந்ததைப் பிடித்துக்கொண்டது. வந்த இரவே டீச்சரின் மிச்ச டேட்டாவையும், மாதம் பிறந்ததும் புதியதையும் குடித்துத் தீர்த்துவிட்டு, அது முடிந்த பிறகு கிடைக்கும் சொட்டு வேகத்தில் மீதி நாட்களை ஓட்டியிருக்கிறது. அந்தச் சொட்டில்தான் டீச்சரும் மகளிடம் பேச முயன்றிருக்கிறார்.

ரவுட்டரைப் பையிலிருந்து எடுத்து மறுபடி மாட்டிவிட்டு, பின்னேரம் இரண்டு பேருமாகப் போய்ச் சொன்னோம். நான்தான் சொன்னேன். என் கணவர் டீச்சர் வீட்டுக் காலண்டரைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப என்ர டேட்டாவை உம்மட கொம்பியூட்டர் குடிச்சிருக்கு. நான் வீடியோ பாக்கிறன் எண்டு தம்பி எனக்குப் பாடம் எடுத்தவர்."

"தெரியாமத்தான் டீச்சர்" என்றார் என் கணவர்.

"அது சரி. நான் மகளை எல்லோ ஏசிப்போட்டன். அம்மாவோட கதைக்க விருப்பமில்லாமல் நெற் சரியில்லை எண்டு சாட்டுச் சொல்லுறாய் எண்டு. அவள் ரெண்டு நாளா எடுக்கேல்லை."

நான் டீச்சரின் ஃபோனை வாங்கி, மாதம் முடியும் வரை எங்கள் வைஃபையிலேயே பேசும்படி இணைத்துக் கொடுத்தேன். பிறகு அவருடைய ரவுட்டருக்குப் புதுப் பெயரும் புதுப் பாஸ்வேர்டும் போட வேண்டியிருந்தது. என் கணவர் உதவப் போனார். "நீர் அங்கால திரும்பும் தம்பி" என்றார் டீச்சர். என் கணவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார். டீச்சர் ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

நாங்கள் வீடு திரும்பிய கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் டீச்சரின் குரல் கேட்டது. முதலில் மெதுவாக, இடைவெளி விட்டு விட்டு. பிறகு வழக்கமான சத்தத்துக்கு வந்துவிட்டது.

மறுநாள் காலை வீடியோ தேநீர் ஆறுவதற்குள் இறங்கியது. அது நாடகம் இல்லை, ஒரு சமையல் நிகழ்ச்சி. பலாக்காயை எப்படி வெட்டுவது என்று ஒரு அம்மா சிங்களத்தில் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாடகம் இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த ஞாயிறு நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் கணவர் தன்னோடு வேலை செய்பவருடன் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா, இப்ப நல்லா ஓடுது. ரெண்டு வீட்டு வைஃபைக்கும் ஒரே பேரு, அதுதான் சிக்கல். நான்தான் பார்த்து மாத்திவிட்டேன்."

துருவுவதை நிறுத்திவிட்டு முன்னறை வாசலில் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். "சரி, அப்பறம் பேசுறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டு, தேங்காயைத் தான் துருவித் தரட்டுமா என்று கேட்டார்.