அறுபது எண்ணும் வேலை

ஒரு காலத்தில் நான் வால்வாக இருந்தேன். சிரிக்க வேண்டாம். உடும்பஞ்சோலைப் பக்கம் ஏலத்தோட்டத்துத் துரையின் பங்களாவில் என் உத்தியோகம் அதுதான்.

பங்களாக் கக்கூஸில் தலைக்கு மேலே ஓர் இரும்புத் தொட்டி. சங்கிலியை இழுத்தால் தண்ணீர் கொட்டும். பிறகு தொட்டி நிரம்ப நிரம்ப, உள்ளே மிதக்கும் செம்புப் பந்து மேலேறி வால்வை அடைக்க வேண்டும். அந்த வால்வு கெட்டுப்போய்த் தண்ணீர் நிற்காமல் வழிந்தது. ஊற்றுத் தண்ணீர் முழுக்க அதிலேயே போய், சமையலுக்குக்கூட மிஞ்சவில்லை. துரை வழி கண்டுபிடித்தார். சங்கிலிச் சத்தம் கேட்டதும், தொட்டிக்குத் தண்ணீர் வரும் குழாயின் திருகை வெளிச்சுவரில் நான் திறக்க வேண்டும். அறுபது எண்ணி மூட வேண்டும். அவர் வயிறு எப்போது கூப்பிடும் என்று யார் கண்டது? சுவரோரமே கிடந்தேன்.

அதே வாரம்தான் கீழே போடியில், தாய்வீட்டில், என் மனைவிக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பெண். லீவு கேட்டேன். துரை தரவில்லை. மற்றவர்கள் எண்ணினால் தொட்டி வழிகிறதாம், என் எண்ணிக்கைதான் சரியாம். இப்படியொரு பாராட்டை என் எதிரிக்குக்கூடச் சொல்ல மாட்டேன்.

அரிசி கொண்டுவரும் பொதிமாட்டுக்காரர்தான் சேதியும் கொண்டுவருவார். "புள்ள சிரிக்குதாம்ப்பா." சில வாரம் கழித்து, "குப்புற விழுந்திருச்சாம், ஒம் பொண்டாட்டி சொல்லச் சொன்னா." பிறகு, "உக்காந்திருச்சாம்." நல்ல சேதிகள்தாம். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதிருக்கிறேன்.

ஒருவழியாகப் புது வால்வு பொதியில் ஏறி வந்தது. ஆனால் போடிக் குழாய்க்காரர் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து வர மறுத்துவிட்டார். நானே மாட்டுகிறேன் என்றேன். ஸ்பேனரை அதுவரை கையால் தொட்டதில்லை.

"சரியா நின்னா லீவு. ஒடைஞ்சா லீவு இல்லே," என்றார் துரை.

திருகை மூடி, சங்கிலியை இழுத்துத் தொட்டியைக் காலி செய்தேன். ஏணியில் நின்று, தொட்டிக்கு அடியில் வால்வைப் பிடித்திருந்த மரையை ஸ்பேனரால் திருகினேன். அசையவில்லை. அண்ணாந்து திருகும்போது இடம் வலமாகிவிடுகிறது என்பது உறைக்க அரை நாள் ஆயிற்று. அதுவரை இறுக்கிக்கொண்டே இருந்திருக்கிறேன். என் மடத்தனத்தை வாய்விட்டுத் திட்டிக்கொண்டேன். பழைய வால்வைக் கழற்றி, புதியதற்குச் சணல் நூல் சுற்றி மாட்டினேன். தண்ணீரைத் திறந்தேன். தொட்டி நிரம்பியது, நிற்காமல் வழிந்தது.

இரண்டு வால்வையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். பழையதில் பந்தைத் தாங்கும் பித்தளைக் கம்பி கீழ்நோக்கி வளைந்திருந்தது. புதியதில் நேராக இருந்தது. அந்த வளைவுதான் கோளாறு என்று கழற்றும்போது நினைத்திருந்தேன். யாரோ தெரிந்தேதான் வளைத்திருக்கிறார்கள். பந்து தாழ இருந்தால் தண்ணீர் சீக்கிரம் நிற்கும். புதுக் கம்பியைக் கழற்றி முழங்காலில் வைத்து வளைத்தேன். பித்தளை ஒடிந்தால் என் மகளும் தூரப் போய்விடுவாள் என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். ஒடியவில்லை.

மறுபடி திறந்தேன். ஐம்பத்தெட்டில் தண்ணீர் தானாக நின்றது. யாரும் மூடாமலே நின்றது.

மறுநாள் விடிந்ததும் போடிமெட்டில் இறங்கத் தொடங்கினேன். வீட்டு வாசலில் தவழ்ந்துகொண்டிருந்தாள் என் மகள். ஆசையாய்க் கை நீட்டினேன். யாரோ என்று வீறிட்டு அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அவள் மேல் என்ன தப்பு?

கால் கழுவ மனைவி அண்டாவில் தண்ணீர் ஊற்றினாள். அந்தச் சத்தம் கேட்டதும் என் வலது கை தானாக எழுந்து காற்றில் திருகத் தொடங்கியது. உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

"எதைங்க திருகுறீக?" என்று சிரித்தாள். பிறகு புரிந்ததும் சிரிப்பு நின்று, கண் நிறைந்துவிட்டது.

என் மகள் அழுகையை நிறுத்தி, சேலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் குட்டிக் கையை நீட்டி, என்னைப் போலவே திருகினாள்.