ஈரத் துணிகள் காணாமல் போன மழைக்காலம்

மழை ஓய்ந்த காலை வேளைகளில், எங்கள் குடியிருப்பின் பின்சந்தில் ஐந்து மாடிகளிலும் தொங்கும் லுங்கிகளிலிருந்து கீழே இருக்கும் தகரக் கூரையின் மேல் நீர் சொட்டும் சத்தத்தில்தான் நான் கண் விழிப்பேன். எனக்குப் பதினொரு வயதான அந்த மழைக்காலத்தில் அந்தச் சத்தம் மாடி மாடியாகக் குறைந்துகொண்டே வந்தது. முதலில் இரண்டாம் மாடியில் காயப்போட்ட இரண்டு லுங்கிகளைக் காணவில்லை. அடுத்து நான்காம் மாடிப் போர்வை. பிறகு அப்பாவின் ரயில்வே சட்டை. துணிகளோடு நிற்காமல், மழைநீர் பிடிக்க வைத்திருந்த “டான் ஓ” என்கிற அலுமினியப் பானைகளும் ஒவ்வொன்றாக மறைய, எங்கள் தெருவில் அதுவரை விளையாட்டுக்கு மட்டுமே நாங்கள் கத்திய “தக்கோ” என்ற சொல்லை, அதாவது திருடன் என்ற பர்மியச் சொல்லை, பெரியவர்கள் தாழ்ந்த குரலில் உச்சரிக்கத் தொடங்கினார்கள்.

பர்மாவில், மிங்கலா தாங்ஞுன்ட் என்ற நகரப் பகுதியில், ரயில் பாதைக்குப் பின்னால் இருந்தது எங்கள் தெரு. அப்பா ரயில் பட்டறையில் ஃபிட்டர். அம்மா வீட்டிலிருந்தபடியே துணி தைத்தார். எனக்கு ஒரே அண்ணன், செல்வம். பத்தாம் வகுப்பில் தேறாமல் பள்ளியை விட்டு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. எங்கே வேலை கேட்டுப் போனாலும் முதலில் அடையாள அட்டையைத்தான் கேட்டார்கள். அந்த அட்டைக்காக அண்ணன் எத்தனையோ முறை அலுவலகத்துக்கு நடந்தான். கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார், தாத்தா எங்கே பிறந்தார், அதற்கு என்ன சான்று என்று ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு காகிதம் கேட்டார்களாம். “அடுத்த வாரம் வரச் சொன்னாங்கம்மா” என்று அவன் செருப்பைக் கழற்றியபடி சொல்லும் குரல், மாதங்கள் போகப்போக மெலிந்தது. கடைசியில் அவன் எதுவும் சொல்லாமலே உள்ளே வந்து படுத்துக்கொள்ளத் தொடங்கினான்.

எங்கள் கட்டடத்தின் கீழே, மாடிப்படிக்கு அடியில் சாக்கால் மறைத்த இடத்தில், அந்த வருடம்தான் டாவ் மியா என்ற பர்மிய அம்மாள் தன் மகளோடு குடிவந்திருந்தார். டெல்டாப் பக்கத்தில் வெள்ளத்தில் வீடு போய்விட்டதாகச் சொன்னார். விடியற்காலையில் “பேபியோ”, அதாவது அவித்த பயறு, விற்பார். அவர் மகள் கின் என் வயதுக்காரி, என்னோடு பாண்டி ஆடுவாள். தெருவில் பொருள் காணாமல் போனதும் எல்லார் கண்ணும் அந்தச் சாக்குத் திரையின் மேல்தான் விழுந்தது. புதிதாக வந்தவர்கள், ஏழைகள், கேட்க ஆளில்லாதவர்கள். இதற்கு மேல் யாருக்கும் சாட்சி தேவைப்படவில்லை.

எனக்கு மட்டும் உண்மை தெரியும். ஒரு மத்தியானம் பின்படி வழியாக இறங்கியபோது, அண்ணன் ஒரு பானையைச் சாக்கில் திணிப்பதைப் பார்த்துவிட்டேன். அது டாவ் மியாவின் பயறுப் பானை. அவன் என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை, கோபப்படவும் இல்லை. படியில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லாத ராஜி” என்றான். அவ்வளவுதான். நானும் சொல்லவில்லை. மூன்று நாள் என்னால் சோறு சரியாக உண்ண முடியவில்லை.

நான்காம் நாள் மழையோடு மழையாகத் தெருவாசிகள் சிலர் மாடிப்படிக்கு அடியில் கூடினார்கள். சாக்குத் திரையைப் பிய்த்தார்கள். பாய், சட்டி, கின்னின் பள்ளிப் பை எல்லாம் தண்ணீரில் வந்து விழுந்தன. பானையைப் பறிகொடுத்தவரையே பானைத் திருடி என்றார்கள். ஒரு கை டாவ் மியாவின் கொண்டையைப் பிடித்து இழுத்தது. கின் என்னைப் பார்த்தாள். உதவி கேட்கும் பார்வைகூட இல்லை அது, வெறுமனே பார்த்தாள். எனக்கு எங்கிருந்து குரல் வந்ததென்று இன்றுவரை தெரியாது.

“அவங்க எடுக்கல! எங்கண்ணன்தான் எடுத்துச்சு!”

தமிழில் கத்திவிட்டு, புரியாதவர்களுக்காகப் பர்மிய மொழியிலும் கத்தினேன். கொண்டையைப் பிடித்த கை விட்டது. என் பின்னால் படியில் அம்மா நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும், பெரிய பாவம் செய்துவிட்டதாக நினைத்து நான் அழுதேன்.

கூட்டம் அப்படியே எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியது. அண்ணனை மேலிருந்து இழுத்துவர நான்கைந்து பேர் படியேறியபோது, முனைக் கடையிலிருந்து ஓடிவந்த காக்கா அவர்களுக்கு முன்னால் குறுக்கே நின்றார். ராமநாதபுரத்துக் கடற்கரையிலிருந்து அவருடைய அப்பா வந்து போட்ட மளிகைக் கடை அது. அவர்கள் வழக்கில் காக்கா என்றால் அண்ணன். தெருவுக்கே அவர் காக்காதான், பெயர் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

“ஒருத்தனும் அந்தப் புள்ள மேல கை வைக்கக் கூடாது. வேலை கேட்டு என் கடைக்கே மூணு தரம் வந்துச்சு. நான்தான் ஆளு வேணாம்னு திருப்பி அனுப்பினேன். அடிக்கிறதுன்னா முதல்ல என்னை அடிச்சுட்டுப் போங்க.”

யாரும் அடிக்கவில்லை. பத்து வீட்டுக்கு ஒருவராக அரசாங்கம் நியமிக்கும் பத்து வீட்டுத் தலைவர், எங்கள் பகுதிக்கு ஊ ஹ்லா, குடையோடு வந்தார். காவல் நிலையத்துக்கு ஆள் அனுப்பலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, அங்கே போனால் இவன் திரும்பி வரும்போது நிஜமான திருடனாகத்தான் வருவான் என்று பர்மிய மொழியில் பதில் சொல்லிவிட்டு, அண்ணனைக் கீழே அழைத்தார். அண்ணன் தலை குனிந்தபடி வந்து, மழைத்தண்ணீரில் மண்டியிட்டு டாவ் மியாவைக் கும்பிட்டான். அந்த அம்மாள் தண்ணீரில் கிடந்த மகளின் பள்ளிப் பையை எடுத்து உதறினார். பிறகு, கிழிந்த சாக்குத் திரையைக் காட்டி, “இதை யார் கட்டித் தருவது?” என்று மட்டும் கேட்டார். அண்ணனும் அப்பாவும் சேர்ந்து அன்று மாலைக்குள் பலகை அடித்து, கதவு வைத்த ஓர் அறையாகவே அதைக் கட்டிக்கொடுத்தார்கள்.

காக்காவின் மைத்துனர் ஒருவருக்குப் பேருந்து இருந்தது. அடுத்த வாரமே அண்ணன் அதில் “ஸ்பேயா” ஆனான். நடத்துநரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அட்டைக்கு ஊ ஹ்லா தாமே அவனோடு அலுவலகத்துக்கு நடந்து, தம் பெயரில் உறுதி எழுதிக்கொடுத்தார். அட்டை கைக்கு வர மேலும் இரண்டு வருடம் பிடித்தது, ஆனால் அதற்குள் அவனை அட்டை கேட்காமலே அந்த வழித்தடம் முழுக்கத் தெரிந்துகொண்டது. பேருந்துப் படியில் ஒற்றைக் காலில் தொங்கியபடி நிறுத்தங்களின் பெயரைப் பாட்டாக இழுத்துச் சொல்லும் அவன் குரல் எங்கள் தெருமுனை வரை கேட்கும். என்னோடு மட்டும் ஒரு வருடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் பள்ளி விட்டு வரும்போது, நெரிசலில் எனக்காக ஓட்டுநருக்குப் பின்னால் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். “உக்காரு” என்றான். எங்களுக்குள் அந்த விஷயம் அதோடு முடிந்தது.

அண்ணன் இப்போது இல்லை. பெருந்தொற்றின்போது, ஊரெல்லாம் ஆக்சிஜன் உருளைக்கு வரிசையில் நின்ற அந்த மழைக்காலத்தில் போய்விட்டான். காக்கா அதற்கு வெகுகாலம் முன்பே போய், அவர் பிள்ளைகள் கடையை விற்றுவிட்டு வெளிநாடு சென்றார்கள். டாவ் மியாவும் கின்னும் எங்கே இருக்கிறார்களோ தெரியாது.

நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன். வாசலுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டு, அதற்கு மூன்று பூட்டு. எல்லா வீட்டிலும் அப்படித்தான். நகரத்தின் ஓரத்தில் இருக்கும் லைங் தாயாவில் தையல் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, அங்கே வேலை பார்த்தவர்கள் சண்டையால் திரும்பிப் போக ஊரும் இல்லாமல், இருக்க வேலையும் இல்லாமல் தவிக்கிறார்கள். அரிசி விலை ஏறுகிறது, மின்சாரம் பாதி நாள் இல்லை, பிள்ளைகளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில் பெற்றவர்கள் அவர்களை வேலைக்கும் அனுப்பாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். பட்டப்பகலில் சங்கிலி அறுக்கிறார்கள், கைப்பேசியைப் பிடுங்குகிறார்கள். முறையிட ஓரிடம் இருப்பதாக யாரும் நம்பவில்லை. பத்து வீட்டுத் தலைவர் என்று ஒருவர் இருந்தாலும் அவர் கதவைத் தட்ட எல்லாருக்கும் பயம். ஆகவே பிடிபட்டவனைத் தெருவே அடிக்கிறது.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருவிலும் அது நடந்தது. நடுப்பகல். கீழே “தக்கோ, தக்கோ” என்று சத்தம். பால்கனிக்கு வந்து பார்த்தேன். முப்பது வயதிருக்கும் ஓர் ஆள், நீல நிற ஆலைச் சட்டை போட்டவன், ஒரு பெண்ணின் கைப்பேசியைப் பிடுங்கி ஓடி, காக்காவின் கடை இருந்த முனையில் வழுக்கி விழுந்திருக்கிறான். கைப்பேசியை அப்போதே திருப்பி வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் அடித்தார்கள். குடையால், செங்கல்லால், எனக்குத் தெரிந்த கைகளால். என்ன சொல்ல வேண்டுமென்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் என்னைவிட நன்றாக அது வேறு யாருக்கும் தெரிந்திருக்க முடியாது. சாவிக்கொத்தை எடுத்தேன். முதல் பூட்டைத் திறந்தேன். அதற்குள் அவன் “அமே” என்று கத்தினான். பர்மியர்கள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு தரம் கத்தினான். நான் இரண்டாவது பூட்டில் சாவியை வைத்தபடியே நின்றேன். கைகள் நடுங்கியதால் திறக்க முடியவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் சாவியைத் திருப்பவே இல்லை. பிறகு கீழே சத்தம் அடங்கிவிட்டது. ஒரு வண்டி வந்து அவனை ஏற்றிப்போனது.

அடுத்த ஞாயிறு தெருவாசிகள் கூடி, தெருவின் இரண்டு முனையிலும் இரும்பு வாயில் போடுவதென்று முடிவு செய்தார்கள். கண்காணிப்புக் கேமரா, காவலாள், கம்பிவேலி என்று ஆளுக்கொரு யோசனை. கைப்பேசி பழுதுபார்க்கும் கடைப் பையன் ஒருவன் மட்டும், “கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்கு யார் வேலை கொடுக்கிறது?” என்று பர்மிய மொழியில் கேட்டான். சிலர் சிரித்தார்கள். அண்ணனைப் பற்றி எழுந்து சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தூக்கினேன். வாயிலுக்குத்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு பெண் வந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். பர்மியப் பெண்கள் கன்னத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா இல்லாத முகம், கையில் ஒரு துணிப்பை. லைங் தாயாவிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்ததாகச் சொன்னார். என் கம்பிக் கதவுக்கு வெளியே நின்றபடி, தன் மகன் விழுந்த இடம் எது என்று கேட்டார். கைநீட்டி முனையைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டார்.

“கடைசியா ஏதாவது சொன்னானா? நீங்க கேட்டீங்களா?”

என் கை கம்பியைப் பிடித்திருந்தது. “அன்னிக்கு நான் வீட்ல இல்லம்மா” என்றேன்.

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, எதிர்வீட்டு மணியை அழுத்தினார். எதிர்வீட்டிலும் அன்றைக்கு யாரும் இல்லையாம். மேல்மாடியில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்களாம். அவர் ஒவ்வொரு படியாக ஏறி ஒவ்வொரு கதவாகக் கேட்டுக்கொண்டே போவதை என் கதவுக்கு உள்ளே நின்று கேட்டேன். காக்கா குறுக்கே நின்ற அந்தத் தெருவில், அன்று நடுப்பகலில், ஒரு வீட்டிலும் ஒருவரும் இருந்திருக்கவில்லை.