ஊருக்கு ஒரு வாய்

பேசி முடித்த பெரியப்பா, மைக்கைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் தோளில் கிடந்த துண்டின் நுனியால் அதைத் துடைத்தார். ஒரு முறை துடைத்து, திருப்பிப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். அடுத்தவர் வாய் வைக்கப்போகிற பொருளை நம் எச்சிலோடு கொடுக்கக் கூடாது என்ற மரியாதை. மைக்செட்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேடையில் உட்கார்ந்திருந்த அதிகாரிகளும் சிரித்தார்கள். பெரியப்பாவும் பதிலுக்குச் சிரித்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து எங்கள் நடுவில் உட்கார்ந்தார். அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. இப்போதும் அவரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அந்தத் துண்டும் மைக்கும்தான்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் நின்று தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கிரேன்கள் தெரியும். நான் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா, ஊர்த்தலைவர். அவர் தலைவராக இருந்தவரை ஊர்க்கூட்டம் என்றால் அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. கோயில் முன்னால் ஆண்கள் கூடுவார்கள். யார் வேண்டுமானாலும் கத்தலாம், ஏசலாம், துண்டை உதறிக்கொண்டு எழுந்து போகலாம், திரும்பி வரலாம். ஆனால் முடிவு எடுத்துக் கற்பூரம் ஏற்றிவிட்டால் அதற்கப்புறம் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஊரின் பேச்சைத் தலைவர் மட்டும்தான் வெளியில் எடுத்துப்போவார். மற்றவர்கள் அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். இடையில் ஒருத்தன் பேசினால் ஊர் பிளந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதற்குத் தண்டம் உண்டு. "ஊருக்கு ஒரு வாய்டா" என்பார் பெரியப்பா. பக்கத்து ஊரோடு வலைத் தகராறு வந்தாலும், போலீஸ் வந்தாலும், ஓட்டுக் கேட்டு வேட்பாளர் வந்தாலும் அந்த ஒரு வாய்தான் பேசும். பெண்களுக்கு அந்தக் கூட்டத்தில் இடம் கிடையாது. நாங்கள் தூரத்தில், உலர்த்திய வலைகளுக்குப் பின்னால் நின்று கேட்போம். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனாலும் அந்த ஒழுங்கில் ஓர் அழகும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

கடற்கரையோரம் பெரிய சரக்குக் கிடங்கு ஒன்று வரப்போகிறது, அதற்கு ஏரியின் ஓரமாக அகலச் சாலை ஒன்றும் போடப்போகிறார்கள் என்று சேதி வந்தபோது ஊர் கூடியது. மூன்று மாலைகள் தொடர்ந்து சண்டை. வேலை கிடைக்கும் என்று சில இளவட்டங்கள், ஏரி கடலில் சேரும் முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் மீன் ஏது என்று மற்றவர்கள். கடைசியில் வேண்டாம் என்று முடிவாகிக் கற்பூரம் ஏற்றினார்கள். அரசாங்கம் மக்கள் கருத்தைக் கேட்கிறது, அதற்கொரு கூட்டம் இருக்கிறது என்றதும் பெரியப்பாவுக்குப் பெருமை. "நம்மளக் கேக்கறாங்கடா. நம்மளக் கேக்காம ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சட்டம் இருக்குது" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி, தண்ணீர்ப் பாக்கெட், ஓரத்தில் இரண்டு வேன் நிறையப் போலீஸ். எங்கள் ஊரிலிருந்து பெண்களும் போயிருந்தோம். பார்க்கலாம், பேசக் கூடாது என்ற நிபந்தனையோடு. எங்களுக்கு முன்னாலேயே யார் யாரோ வந்து உட்கார்ந்திருந்தார்கள். எந்த ஊர் என்று கேட்டால் சிரித்தார்கள். அவர்கள் ஒவ்வொருவராக எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, "வேலைவாய்ப்பு பெருகும், வரவேற்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பிரியாணி வாசனை மட்டும் பந்தலுக்குப் பின்னாலிருந்து விடாமல் வந்துகொண்டிருந்தது.

பெரியப்பாவின் முறை வந்தது. நன்றாகப் பேசினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். முகத்துவாரம் எப்படித் திறக்கும், எப்படி மூடும், கரையில் கல்லைக் கொட்டினால் மணல் எங்கே போய்ச் சேரும், எத்தனை படகு, எத்தனை வலை, எல்லாம் சொன்னார். ஊரே வேண்டாம் என்கிறது என்று முடித்தார். துடைத்தார், கொடுத்தார், வந்து உட்கார்ந்தார். "இந்த ஊரிலிருந்து வேறு யாராவது பேசுகிறீர்களா?" என்று அதிகாரி மைக்கில் கேட்டார். கேட்கவில்லை என்று அந்த மனிதர்மேல் பழி போட முடியாது. கேட்டார், காத்திருந்தார். என் நைனா கொஞ்சம் அசைந்தார். பெரியப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைத் தாழ்த்திக் காட்டினார். ஊரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எங்களைப் பொறுத்தவரை அதைவிட உரக்க எதையும் சொல்ல முடியாது. அத்தனை பேரும் வாயை மூடியிருப்பதுதான் அத்தனை பேரும் வேண்டாம் என்பதற்கு அடையாளம்.

கூட்டம் முடியும்போது நடந்ததைத் தொகுத்து ஒருவர் வாசித்தார். வரவேற்றவர்கள் பலர், ஆட்சேபம் தெரிவித்தவர் ஒருவர். அதைக் கேட்டுப் பெரியப்பா தலையை ஆட்டினார். எனக்கு அது ஊரையே ஓர் ஆளாகச் சுருக்கியதாகப் பட்டது. அவருக்கோ முகமெல்லாம் வெளிச்சம். திரும்பி வரும்போது டெம்போவில் நின்றுகொண்டு, "பாத்தியாடா, ஒருத்தருன்னு வாசிச்சான். நம்ம ஊரு ஒண்ணா நின்னுச்சுன்னு ஆபீசரே ஒத்துக்கினாரு" என்று என் நைனாவிடம் சொன்னார். டெம்போவில் இருந்த யாரும் மறுத்துப் பேசவில்லை. கற்பூரம் ஏற்றியாயிற்றே.

வீட்டில் பெரியம்மா காத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஊர்ப் பெண்களும் ஏரியின் தெற்கோரத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவுவார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள், இரண்டு கையும் வேலையாக இருக்க வேண்டுமே. படகு கடலுக்குப் போகாத நாட்களில் எங்கள் ஊர் அடுப்பு எரிந்தது அந்தச் சேற்றால்தான். என் பள்ளிக்கூடத்துச் சட்டையும் அந்தச் சேற்றில் வந்ததுதான். "இன்னாய்யா பேசிக்கினு வந்தே?" என்றாள் பெரியம்மா. பெரியப்பா ஒன்று விடாமல் சொன்னார். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க சேத்தப் பத்தி ஒரு வார்த்தை வர்லியே. ரோடு வரப்போறது அங்கதான?" என்றாள். பெரியப்பா வேண்டுமென்று விடவில்லை. ஊர்க்கூட்டத்தில் யாரும் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் வலைகளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள்.

சாலை வந்தது. சேற்றின்மேல் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி மேடாக்கினார்கள். பெண்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பறிகள் பரண்மேல் ஏறின. கொஞ்ச நாளில் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிப்போகக் காலையில் கம்பெனி பஸ் வரத் தொடங்கியது. வேலைவாய்ப்பு பெருகும் என்று சொன்னார்களே, பெருகியது. இறால் தடவிய கைகள் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளில் கழிப்பறை கழுவுகின்றன. நான் கொஞ்சம் படித்தவள் என்பதால் உதிரிபாகங்களைச் சோதித்து அடுக்குகிற வேலை. கான்டிராக்ட்தான். எங்கள் குறைகளைப் பேசத் தொழிலாளர் பிரதிநிதி என்று ஒருவர் இருக்கிறார். அவரை நாங்கள் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நிர்வாகம் கூப்பிடும்போது உள்ளே போவார், டீ குடித்துவிட்டு வருவார், எல்லாம் பேசியாயிற்று என்பார்.

பட்டணத்தில் எது வேண்டாமோ அது வடக்கே வரும், இது எங்கள் பக்கத்துப் பழக்கம். சாம்பல் வந்தது, புகை வந்தது, குப்பையும் வந்துகொண்டிருக்கிறது. மழை வந்தால் மாநகராட்சியில் மழைநீர் வடிகாலைப் பற்றி நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். எந்தக் கட்சி ஆண்டபோது எந்தத் தெரு மூழ்கியது என்று டி.வி.யில் படம் போட்டுக் காட்டுவார்கள். வடிகிற தண்ணீர் எங்கே போய் நிற்கிறது என்று கேட்கிற ஆள் அங்கே கிடையாது. டெல்லிச் செய்தி இன்னும் பெரிது. எதை எடுத்தாலும் அதன் முன்னால் 'ஒரே' என்று ஒரு சொல்லைச் சேர்த்துப் பேசுகிறார்கள். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர்கள் போனில் அதைக் கேட்டுக் கைதட்டும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பாவின் தாழ்த்திய கை ஞாபகம் வரும். ஒரே வாய் என்றால் மற்ற வாய்கள் மூடியிருக்கின்றன என்றுதானே பொருள்? மூடிய வாய்க்குள் என்ன இருந்தது என்று எந்தக் கணக்கிலும் வராது. எங்கள் ஊர் அதை மண் கொட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டது.

பெரியப்பா அந்த ஆண்டுகளில் டி.வி. முன்னால் உட்கார்ந்தே கிடந்தார். நாடாளுமன்றத்தைக் காட்டினால் ஒலியைக் கூட்டச் சொல்வார். ஒரு நாள், தொழிலாளர் சம்பந்தப்பட்ட ஏதோ ஒரு மசோதா. எதிர்த்து வெளிநடப்பு செய்தவர்களின் நாற்காலிகள் காலி, மீதிப் பேர் கூச்சல். அதற்கு நடுவே 'ஆம்' என்கிறவர்கள் ஆம் சொல்ல, நிறைவேறியது என்று அறிவித்துவிட்டார்கள். பெரியப்பா என்னைப் பார்த்து, "இன்னாம்மா இது? வெளியே போனவங்க வாணாம்னுதான போனாங்க? அத கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா?" என்று கேட்டார். "எடுத்துக்க மாட்டாங்க பெரிப்பா" என்றேன். அவர் டி.வி.யின் ஒலியைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "அப்போ அன்னிக்கி நான் எல்லாரையும் தப்பா உக்காரவெச்சுட்டேன்" என்றார். பெரியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

கிடங்கை இன்னும் விரிக்கப்போகிறார்கள், முகத்துவாரத்தை ஒட்டிச் சுவர் எழுப்பப்போகிறார்கள், அதற்கும் கருத்துக் கேட்புக் கூட்டம் உண்டு என்று மறுபடியும் சேதி வந்தது. பெரியப்பா அதற்குள் தலைவர் பொறுப்பை விட்டிருந்தார், மூச்சிரைப்பு. இருந்தாலும் தடியை ஊன்றிக்கொண்டு கோயில் முன் வந்து நின்று, "இந்தத் தபா எல்லாரும் பேசணும். பொம்பளைங்க மொதல்ல" என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். பெரியவர் ஒருவர் வழக்கத்தை மாற்றினால் அம்மனுக்கு ஆகாது என்றுகூடச் சொன்னார். "ஊரே போனப்பறம் அம்மன் யாருக்குய்யா?" என்று கேட்டார் பெரியப்பா. அன்று கற்பூரம் ஏற்றியபோது நாங்கள் வலைகளுக்குப் பின்னால் நிற்கவில்லை. பெரியம்மா பலமுறை வீட்டுக்குள் பேசிப் பார்த்தாள். குரல் நடுங்கினால் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் ஆரம்பிப்பாள்.

அதே ஷாமியானா, அதே தண்ணீர்ப் பாக்கெட், அதே பிரியாணி வாசனை. அதிகாரிகள்தான் வேறு. எங்கள் ஊர் வரிசை பந்தலைத் தாண்டி வெயிலில் நீண்டிருந்தது. முதலில் மூன்று பெண்கள் பேசினார்கள். முகத்துவாரம், மீன், சேறு. நான்காவது ஆளாகப் பெரியம்மா மைக்கை வாங்கினாள். "சார், நாங்க கையால இறா தடவுற…" என்று அவள் ஆரம்பித்ததுமே மேடையிலிருந்து குரல் வந்தது. "அம்மா, சொன்னதையே எல்லாரும் திருப்பித் திருப்பிச் சொல்லாதீங்க. ஊர் சார்பா ஒருத்தர் பேசினா போதும். பதிவாயிடுச்சு."

பெரியப்பா முன் வரிசையில் இருந்தார். தடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சார், ஒருத்தர் பேசினா ஒருத்தருன்னுதான சார் வாசிச்சீங்க? அதுக்குத்தான் இத்தினி பேரும் வந்துகிறோம்" என்றார். மூச்சு வாங்கியது. அதிகாரி ஏதோ தாளைப் புரட்டிப் பார்த்தார். மரியாதையாகத்தான் பேசினார். "பெரியவரே, நீங்க போன தடவையே பேசிட்டீங்க. உங்க கருத்து எங்ககிட்ட இருக்கு. உக்காருங்க."

பெரியப்பா உட்கார்ந்தார். அவரை அப்படி யாரும் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை. அதற்குள் மேடையிலிருந்து யாரோ கைகாட்ட, மைக்செட்காரர் மைக்கை அணைத்துவிட்டார். பெரியம்மாவுக்கு அது தெரியவில்லை. அவள் பேசிக்கொண்டேயிருந்தாள். பக்கத்தில் நின்ற எங்கள் நாலைந்து பேருக்கு மட்டும் கேட்டது. சேற்றில் எந்த மாதம் எந்த இறால், கை எப்படிப் போகும், பிள்ளைகள் எப்படி வளர்ந்தன, எல்லாம் சொன்னாள். வீட்டில் பழகியதில் ஒன்றுகூட விடவில்லை, ஓர் இடத்திலும் குரல் நடுங்கவில்லை. மேடையில் அடுத்த ஊரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அவளையே பார்த்தபடி, ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையசைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கூட்டத்திற்குப் பிறகு அவர் வீட்டை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. முகத்துவாரத்தில் இப்போது சுவருக்கு அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். ஓதம் ஏறும்போது கல் முழுகும், இறங்கும்போது தெரியும். கம்பெனி பஸ்ஸிலிருந்து தினமும் பார்க்கிறேன்.

அன்று பெரியம்மா பேசி முடித்தபின் கும்பிட்டாள். பிறகு முந்தானை நுனியால் மைக்கைத் துடைத்தாள். திருப்பிப் பார்த்து, இன்னொரு முறை துடைத்து, மைக்செட்காரரிடம் கொடுத்தாள். அந்த மனிதர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.