பதினான்கு தப்பும் ஒரு தேங்காய் மண்டியும்

போன திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு ஒரு கம்ப்யூட்டர் என் முகத்துக்கு நேராகச் சொன்னது - பதினான்கு இடங்களில் தப்பு!

கம்ப்யூட்டர் என்னுடையதல்ல. பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் ரத்த தானச் சங்கத்தினுடையது. நான் செயலாளர். பெயர், ஊர், ரத்தப் பிரிவு, போன் நம்பர் என்று ஆயிரத்து முந்நூற்று எட்டுப் பேர் அதற்குள் இருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் அதைப் பார்த்துத்தான் ஆளைக் கூப்பிடுகிறோம். அந்த லிஸ்ட்டைத் தாங்கியிருக்கும் பழைய டிஸ்க் சில நாட்களாக மாவு அரைக்கிற சத்தம் போடுகிறது. என்றைக்கு நிற்குமோ... அதனால் புது டிஸ்க்.

மாட்ட வந்தவர் கம்ப்யூட்டர் கடை சண்முகம். கெட்டிக்காரர். மாட்டியதும் ஒரு சோதனை புரோகிராமை ஓட்டினார். அது டிஸ்க்கில் எதையாவது எழுதும், திரும்பப் படிக்கும், வேகம் எவ்வளவு என்று சொல்லும். வெரிஃபை என்றும் ஒரு வசதி உண்டு. எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடும். வேகம் பிரமாதம். ஒப்பிட்டதில்தான் பதினான்கு தப்பு.

"வெரிஃபைய அணைச்சிருவோம் சார்வாள். வேகமும் கூடும், தப்பும் வராது."

தப்பு வராதா, தப்பு தெரியாதா? பரீட்சைத் தாளைத் திருத்தாமல் விட்டால் வகுப்பில் எல்லாரும் பாஸ்தான். முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனிடமா இந்த வித்தை?

மறுபடி ஓட்டச் சொன்னேன். ஒன்பது. மறுபடி - பதினேழு.

"கரண்டு ஏறி எறங்குதுல்லா, அதான்" என்றார். பிறகு தூசி என்றார். பிறகு சித்திரை வெயில். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் அஷ்டமி, நவமி என்றிருப்பார்.

சங்கத் தலைவரிடம் சொன்னேன். மருந்துக்கடை வைத்திருப்பவர். என் வயதுதான். புது டிஸ்க் வந்ததைக் கொண்டாட ஞாயிற்றுக்கிழமை விழா என்று நாளும் குறித்துவிட்டார்.

"ஆயிரத்து முந்நூறு பேர்ல பதினாலு தப்பு இருந்தா இருந்துட்டுப் போகுது வே. பழைய டிஸ்க் படுத்துட்டுன்னா ஒரு பேரும் மிஞ்சாது. வாத்தியார் புத்திய வீட்ல வச்சிட்டு வாரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை நான் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம் பார்த்து, இருவரும் சேர்ந்து ஒப்பிடாமலே லிஸ்ட்டைப் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட்டார்கள். விட்டேனா? பழையதிலிருந்து ஒன்று, புதியதிலிருந்து ஒன்று என்று இரண்டு பிரிண்ட் எடுத்தேன். ஸ்கேலை வைத்து வரி வரியாகப் பார்த்தேன். இரண்டு நாள். ஆறு போன் நம்பர்கள் மாறியிருந்தன.

ரத்தப் பிரிவு மாறினாலாவது ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். போன் நம்பரை யார் சோதிப்பார்? ஆறில் ஒன்று களக்காட்டு ஆசிரியர் ஒருவருடையது. அந்தப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே ஓ நெகட்டிவ். கடைசி எண் நாலு, ஐந்தாகிவிட்டது.

தலைவரை வரவழைத்து, புது டிஸ்க்கில் இருந்த நம்பரை அவர் கையாலேயே சுழற்றச் சொன்னேன்.

"ஹலோ... சார் இருக்காங்களா?"

"எந்த சாரு? இது தேங்காய் மண்டி."

"ரத்தம் விஷயமா..."

"யாரு வே அது? ரத்தத்துக்கு இங்கன என்ன சோலி? காயா, கொப்பரையா, அதச் சொல்லும்!"

தலைவர் ரிசீவரைப் பைய வைத்தார். 'பார்த்தீரா?' என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. அடக்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தலைவரையும் வைத்துக்கொண்டு சண்முகத்தைப் பிடித்து உட்கார வைத்தேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் தப்பு எங்கே வந்தது என்று நோட்டில் குறித்திருந்தேன். முதல் தடவை வந்த இடத்தில் அடுத்த தடவை வரவில்லை. டிஸ்க்கில் சொத்தை என்றால் அதே இடத்தில்தானே திரும்பத் திரும்ப வர வேண்டும்? அப்படியானால் டிஸ்க்கில் கோளாறு இல்லை. போகிற வழியில் கெடுகிறது.

வழி என்றால் கம்ப்யூட்டரையும் டிஸ்க்கையும் இணைக்கும் கேபிள். அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். எங்கள் சங்க அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. டிஸ்க் சூடாகிவிடும் என்று சண்முகம் அதைக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு வெளியே எடுத்து, டேபிள் ஃபேனுக்கு முன்னால் காற்று வாங்க வைத்திருந்தார். அவ்வளவு தூரம் கேபிள் எட்டுமா? நீளமாக ஒன்றைத் தானே செய்து மாட்டிவிட்டார். ஸ்கேலை வைத்தேன். முப்பத்தோரு அங்குலம். டிஸ்க்கோடு வந்த தாளைப் பிரித்துப் படித்தேன் - பிரித்த ஒரே ஆள் நான்தான். பதினெட்டு அங்குலத்துக்கு மேல் கூடாது.

"கம்பிதான சார்வாள்... கரண்டு பாபநாசம் அணைலேர்ந்தே கம்பிலதான வருது!"

"அது வெளிச்சம் வே, கொஞ்சம் மங்குனாலும் வெளிச்சம்தான். இது எழுத்து, மங்குனா நாலு அஞ்சாயிரும்."

டிஸ்க்கைப் பெட்டிக்குள் வைத்துக் குட்டைக் கேபிளை மாட்டினோம். பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஃபேனை அதன் பக்கம் திருப்பினோம். ஓட்டினோம். தப்பு - பூஜ்யம். ஐந்து தடவை ஓட்டினேன், ஐந்தும் பூஜ்யம். திரும்ப நீளக் கேபிள் - பன்னிரண்டு. மறுபடி குட்டை - பூஜ்யம்.

"போதுமா வே?" என்றார் தலைவர்.

"இன்னும் ரெண்டு."

லிஸ்ட்டை மறுபடி மாற்றினோம், இந்தத் தடவை ஒப்பிட்டுக்கொண்டே. இரண்டு மடங்கு நேரம் ஆனது. ஆகட்டுமே! இத்தனை வேகம், அத்தனை வேகம் என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் வருகிறது. கொடுத்ததை அப்படியே திருப்பித் தரும் என்று ஒரு விளம்பரமாவது பார்த்திருக்கிறீர்களா? யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் சொல்வதில்லை. நான் கேட்பேன். கிறுக்கு என்றாலும் கேட்பேன்.

சனிக்கிழமை காலை களக்காட்டு நம்பரைத் தலைவரே சுழற்றினார். இந்த முறை கடைசி எண் நாலு. சங்கம் என்றதுமே பதில் வந்தது.

"சொல்லுங்க சார். யாருக்கு? எந்த ஆஸ்பத்திரி? அடுத்த பஸ்ஸப் பிடிச்சிருதேன்."

நம்பரைச் சரிபார்க்கத்தான் கூப்பிட்டோம் என்று தலைவர் இழுத்தார். வந்ததே கோபம்!

"வெளையாடுதீங்களா வே? சட்டைய எடுத்தாரச் சொல்லிட்டேன்லா!"

தலைவர் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். எனக்கே கேட்டது.

திட்டட்டும்... சரியான ஆள் அல்லவா திட்டினார்!